‘ஸ்கேன் டெக்னீஷியன்’ கோர்ஸில் சேரப் போறீங்களா? முதலில் இந்தச் சட்டத்தைத் தெரிஞ்சுக்கோங்க!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பேருந்து நிலையச் சுவர்களிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரே மாதிரி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். ‘அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் பயிற்சி, ஆறே மாதம், நீட் தேவையில்லை, வெளிநாட்டில் லட்சங்களில் சம்பளம்’. வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண், கையில் ஸ்கேன் கருவியுடன் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் நிற்கிற அறையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அது நம்ம ஊர் ஆஸ்பத்திரி இல்லை என்பது தெரியும்.

இப்போது நம்ம ஊர் ஸ்கேன் சென்டர் எதற்காவது உள்ளே போங்கள். வரவேற்பு மேஜைக்கு மேலே ஒரு பலகை இருக்கும்: கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, அது சட்டப்படி குற்றம். கர்ப்பிணியோடு வரும் மாமியாருக்கான எச்சரிக்கை என்றுதான் பெரும்பாலானோர் நினைப்போம். ஆனால், அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் சட்டத்துக்கும் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த விளம்பரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் ஸ்கேன் கருவியை நோயாளியின் வயிற்றில் வைக்க வேண்டியவர் மருத்துவர். டெக்னீஷியனுக்கு அந்த இடம் இல்லை. கோர்ஸ் ஃபீஸ் கட்டும் முன் இதை யாரும் சொல்வதில்லை.

வெளிநாட்டில் இது நல்ல வேலைதான். விளம்பரத்தில் அந்தப் பகுதி பொய் இல்லை. அந்த நாட்டு வேலையைக் காட்டி இந்த நாட்டுச் சான்றிதழை விற்பதுதான் சிக்கல்.

ஸ்கேனில் என்ன நடக்கிறது?

எக்ஸ்-ரே, சிடி இரண்டும் கதிர்வீச்சில் வேலை செய்பவை. அல்ட்ராசவுண்ட் முழுக்க ஒலி. நம் காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஸ்கேன் கருவி அனுப்புவது மெகாஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது நொடிக்குப் பல லட்சம் அதிர்வுகள். உடலின் மென்மையான திசுக்களில் அந்த ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய், உறுப்புகளின் விளிம்பில் பட்டு எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து மெஷின் படம் வரைகிறது. தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளேயே போகாது. வயிற்றில் தடவும் அந்தச் சில்லென்ற ஜெல் அதற்காகத்தான்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சிடி ஸ்கேனில் நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்து, மெஷினைச் சரியாக செட் பண்ணினால் உடல் முழுக்கத் துண்டு துண்டாகப் படம் பதிவாகிவிடும். டாக்டர் அதைச் சாயங்காலம் வீட்டிலிருந்துகூடப் பார்த்துக்கொள்ளலாம். அல்ட்ராசவுண்ட் அப்படி இல்லை. கருவியைப் பிடித்திருக்கும் கை எந்தக் கோணத்தில் சாய்கிறதோ அந்தக் கோணம்தான் படம். கை போகாத இடத்தில் இருந்த கட்டி, ரிப்போர்ட்டிலும் இருக்காது. இந்தத் துறையில் படம் எடுப்பதும் நோயைப் பார்ப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலை என்று சொல்வது இதனால்தான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மெக்விகர் மூவரும் 1958-ல் ‘லான்செட்’ இதழில் வயிற்றுக் கட்டிகளின் அல்ட்ராசவுண்ட் படங்களை வெளியிட்ட காலத்திலிருந்தே, இதை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

மேற்கத்திய நாடுகள் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தன. இந்தியா வேறு பதிலுக்குப் போனது. அதற்குக் காரணம் நம் வீடுகளுக்குள் இருந்தது.

இந்தியாவில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-ல் அது 927. 2011-ல் 919. இந்த இடைவெளி தானாக வந்ததல்ல. தமிழ்நாட்டில் உசிலம்பட்டி, சேலம் என்ற பெயர்களைச் சொன்னாலே ஒரு தலைமுறைக்குப் பெண் சிசுக்கொலை ஞாபகத்துக்கு வரும். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியதும் அந்தக் காரணத்தால்தான். ஸ்கேன் மெஷின் மலிவாகி சின்ன ஊர்களுக்கும் வந்தபோது, பிறந்தபின் நடந்தது பிறக்கும் முன்பே நடக்கத் தொடங்கியது.

அதைத் தடுக்க 1994-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், சில ஆண்டுகள் அது பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது. 2000-ல் இரண்டு தன்னார்வ அமைப்புகளும், வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பகுதியில் பெண் சிசுக்கொலை பற்றி ஆய்வு செய்திருந்த சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அடுத்தடுத்து உத்தரவுகள் போட, 2003-ல் சட்டம் திருத்தப்பட்டு இன்னும் கடுமையானது. ‘பிசிபிஎன்டிடி’ என்று மருத்துவத் துறையில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டத்தின்படி ஸ்கேன் சென்டர், ஸ்கேன் மெஷின் இரண்டும் அரசிடம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத இடத்துக்கு மெஷின் விற்பதே குற்றம். விதிகளில் சொல்லப்பட்ட தகுதி இல்லாத ஒருவரை, சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ, சென்டரில் வேலைக்கு வைக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால் ‘படிவம் எஃப்’ நிரப்ப வேண்டும். அதில் ஸ்கேன் எடுத்த மருத்துவரின் பெயர், காரணம், மருத்துவரின் உறுதிமொழி, கர்ப்பிணியின் உறுதிமொழி எல்லாம் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மருத்துவர் ஒரு மாவட்டத்துக்குள் அதிகபட்சம் இரண்டு சென்டர்களில்தான் பதிவு செய்துகொள்ள முடியும். டாக்டர் பெயரை போர்டில் போட்டுவிட்டு வேறு யாரோ ஸ்கேன் எடுப்பதைத் தடுக்கத்தான் அந்தத் திருத்தம்.

முதல்முறை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மாட்டினால் ஐந்து ஆண்டு, 50 ஆயிரம். அபராதத் தொகை இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிறை அப்படி இல்லை.

சரி, யார்தான் எடுக்கலாம்?

ரேடியாலஜியில் மேற்படிப்பு படித்த மருத்துவர்கள் முதல் வரிசை. எம்பிபிஎஸ் முடித்து, நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, மூன்று ஆண்டு எம்டி அல்லது டிஎன்பி, இல்லையென்றால் இரண்டு ஆண்டு டிப்ளமோ படித்தவர்கள். அடுத்தது, ஸ்கேனில் ஆறு மாதப் பயிற்சி பெற்ற எம்பிபிஎஸ் மருத்துவர்கள். விளம்பரங்களில் வரும் ‘ஆறு மாதம்’ என்ற வார்த்தையை இங்கே கவனியுங்கள். சட்டம் பேசுகிற ஆறு மாதப் பயிற்சி எம்பிபிஎஸ் முடித்தவருக்கானது. பிளஸ் டூ முடித்தவருக்கு அது பொருந்தாது. சுவர் விளம்பரத்தில் அந்த முன்பகுதி எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

அந்த ஆறு மாதமே போதுமா என்பதுகூட நீதிமன்றம் வரை போன சண்டை. 2014-ல் மத்திய அரசு அந்தப் பயிற்சிக்குப் பாடத்திட்டமும் தேர்வும் வைத்துத் தனி விதிகள் போட்டது. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. எம்பிபிஎஸ் டாக்டருக்கே இவ்வளவு பஞ்சாயத்து என்றால், டிப்ளமோ டெக்னீஷியன் எந்த இடத்தில் நிற்கிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

‘கர்ப்பிணிக்கு எடுக்காம, கல்லீரல், கிட்னி மட்டும் பார்த்தா?’ என்று கேட்கலாம். மெஷின் ஒன்றுதான். வயிற்றில் கிட்னியைப் பார்க்கிற அதே கருவியை இரண்டு அங்குலம் கீழே நகர்த்தினால் கர்ப்பப்பை. அதனால்தான் பதிவும் சோதனையும் மெஷினைச் சுற்றியே இருக்கின்றன. திடீர் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், அறைக்குள் கருவியைப் பிடித்திருப்பது யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எந்த சென்டர் உரிமையாளரும் ஒரு டெக்னீஷியனுக்காகத் தன் மெஷினுக்கு சீல் வாங்கிக்கொள்ளத் துணிய மாட்டார். துணிகிறார் என்றால், அங்கே வேலைக்குப் போகாமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

சும்மா பயமுறுத்தச் சொல்வதில்லை இது. 2023-ல் கர்நாடகாவின் மண்டியா அருகே, வெல்லம் காய்ச்சும் ஆலைக்குள் ஸ்கேன் மெஷினை வைத்துக் கருவின் பாலினம் பார்த்துச் சொன்ன கும்பல் பிடிபட்டது. கைதானவர்களில் லேப் டெக்னீஷியனும் இருந்தார். தமிழ்நாட்டிலும் தருமபுரி பக்கம், கையில் தூக்கிச் செல்லும் மெஷினோடு வீடு வீடாகப் போன கும்பல்கள் கைதான செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். முறையான இடத்தில் வேலை கிடைக்காத, ஆனால் கருவியைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள் இத்தகைய கும்பலுக்குத் தேவை. குறுகிய காலப் பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பையனையோ பெண்ணையோ அவர்கள் தேடி வர அதிக நேரம் ஆகாது.

அப்போ டெக்னீஷியன்கள் அங்கே என்ன செய்கிறார்கள்?

ஸ்கேன் அறைகளில் டெக்னீஷியன்களும் உதவியாளர்களும் இருக்கிறார்கள். நோயாளியைத் தயார்படுத்துவது, தண்ணீர் குடித்து சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று கேட்பது, பெயர், வயது, கடைசி மாதவிடாய் தேதி ஆகியவற்றை மெஷினில் ஏற்றுவது, படிவம் எஃப் விவரங்களைச் சரிபார்ப்பது, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் செய்வது, படங்களை பிரின்ட் எடுப்பது. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனால்கூட டாக்டர் பெயரில் வழக்கு வரலாம் என்பதால், இந்த வேலையை ஒழுங்காகச் செய்பவருக்கு சென்டரில் மரியாதை உண்டு. ஆனால், இதுதான் வேலை என்று தெரிந்து சேர்வது வேறு. ‘ஸ்கேன் எடுப்பேன்’ என்று வீட்டில் சொல்லி ஃபீஸ் வாங்கிவிட்டு இதில் வந்து உட்கார்வது வேறு.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பற்றிப் பெரும்பாலான விளம்பரங்கள் பேசுவதே இல்லை. எக்கோ. இதயத்துக்கு எடுக்கும் எக்கோகார்டியோகிராமும் அல்ட்ராசவுண்ட்தான். பல இதய மருத்துவமனைகளில் எக்கோ டெக்னீஷியன் கருவியைப் பிடித்து அளவுகள் எடுக்க, இதய மருத்துவர் பார்த்து ரிப்போர்ட்டில் கையெழுத்திடுவது நடைமுறையில் இருக்கிறது. எக்கோ மெஷினும் ஸ்கேன் மெஷின் என்பதால் பதிவு விதிகள் அதற்கும் உண்டு, பொறுப்பும் மருத்துவருடையதே. ஆனாலும் அல்ட்ராசவுண்ட்தான் பிடிக்கிறது என்று சொல்லும் மாணவருக்கு, இந்தியாவில் கருவியைக் கையில் எடுக்கக் கொஞ்சமாவது வழி இருக்கும் படிப்பு பி.எஸ்சி கார்டியாக் டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இந்தப் படிப்பு இருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பெயர் சோனோகிராபர். பெரும்பாலும் இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம் அல்லது நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம். ஸ்கேனை முழுக்க எடுப்பவர் அவர்தான். படங்களைப் பார்த்து இறுதி ரிப்போர்ட் தருபவர் ரேடியாலஜிஸ்ட். 1975-ல் தொடங்கிய ‘ஏஆர்டிஎம்எஸ்’ என்ற அமைப்பு நடத்தும் தேர்வுகளில் பாஸ் செய்தால் பெயருக்குப் பின்னால் ‘ஆர்டிஎம்எஸ்’ என்று போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான மருத்துவமனைகள் அதைத்தான் கேட்கும். ஒலியின் இயற்பியல், மெஷின் இயக்கம் பற்றிய ஒரு தேர்வு, பிறகு வயிறு, மகப்பேறு போன்ற சிறப்புப் பிரிவில் ஒரு தேர்வு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகக் கணக்கில், 2023 மே மாதத்தில் ஒரு சோனோகிராபரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 84,470 டாலர். நம் கணக்கில் சுமார் 70 லட்சம் ரூபாய். விளம்பரத்தில் வரும் ‘லட்சங்கள்’ இங்கிருந்து எடுத்ததுதான்.

பிரிட்டனில் நேராக சோனோகிராபர் ஆகிறவர்கள் குறைவு. முதலில் ரேடியோகிராபராகவோ மருத்துவச்சியாகவோ பட்டம் பெற்று வேலை பார்த்து, பிறகு முதுநிலைப் படிப்பாக அல்ட்ராசவுண்ட் படிப்பதுதான் வழக்கமான பாதை. அந்தப் படிப்புக்கு ‘கேஸ்’ என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்க வேண்டும். படித்து முடித்தவர் பொதுவாக அரசு சுகாதாரச் சேவையில் ‘பேண்ட் 7’ ஊதிய நிலைக்கு வருவார். அங்கே ஒரு படி மேலே போய், ரிப்போர்ட்டையும் பல இடங்களில் சோனோகிராபரே எழுதிவிடுகிறார். கர்ப்பிணிக்கு இருபதாவது வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் பெரும்பாலும் டாக்டரே வர மாட்டார். ஆணா, பெண்ணா என்று கேட்டால், அந்த மருத்துவமனையின் வழக்கப்படி சொல்லவும் செய்வார்கள். இங்கே ஜெயிலுக்கு அனுப்பும் வாக்கியம் அங்கே வாழ்த்து அட்டையில் போய் முடிகிறது!

ஆஸ்திரேலியா, கனடாவிலும் இது முழுமையான தொழில்.

இங்கே படித்துவிட்டு அங்கே போக முடியுமா?

விளம்பரம் தாண்டிக் குதிக்கும் இடம் இதுதான். அமெரிக்க ஏஆர்டிஎம்எஸ் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வழிகள் பல இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற அமெரிக்கக் கல்லூரியில் படிக்காதவருக்கு உள்ள வழிகளில் முக்கியமாகக் கேட்பது, நோயாளிகளை நேரடியாக ஸ்கேன் செய்த 12 மாத முழுநேர அனுபவம். அதாவது வாரம் 35 மணி நேரம் வீதம் 48 வாரம், மொத்தம் 1,680 மணி நேரம். இந்தியாவில் மருத்துவர் அல்லாத ஒருவர் இந்த 1,680 மணி நேரத்தைச் சட்டப்படி எங்கே போய்ச் சேர்ப்பது? இந்தியாவிலிருந்து இந்தத் தேர்வை எழுதுபவர்களில் எம்பிபிஎஸ் டாக்டர்களும் இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

வளைகுடா நாடுகளிலும் சோனோகிராபர் என்ற பதவி இருக்கிறது. படித்த கல்லூரி, பதிவு, வேலை பார்த்த இடம் எல்லாவற்றையும் ‘டேட்டாஃப்ளோ’ என்ற முறையில் மூல நிறுவனத்திடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள். பிறகுதான் தேர்வு, லைசென்ஸ். தெருமுனை இன்ஸ்டிட்யூட் கொடுத்த சான்றிதழும், நண்பரின் சென்டரில் வாங்கிய அனுபவக் கடிதமும் இந்தக் கட்டத்தைத் தாண்டுவது கஷ்டம். போலி ஆவணம் என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், பிறகு நல்ல படிப்பு படித்துவிட்டுப் போனாலும் அந்தக் கறை கூடவே வரும்.

நேர்மையான பாதை கொஞ்சம் நீளமானது. இங்கே ரேடியாலஜி இமேஜிங்கில் முறையான பட்டம், சிடி, எம்ஆர்ஐ-யில் சில ஆண்டு அனுபவம், அதை வைத்து வெளிநாட்டில் ரேடியோகிராபராகப் பதிவு, அங்கே போன பிறகு அல்ட்ராசவுண்ட் மேற்படிப்பு. பிரிட்டனில் இந்தப் பாதை அந்த ஊர்க்காரர்களுக்கும் இதேதான் என்பதால், நம்மவர்களுக்கு இதில் தனிப்பட்ட நஷ்டம் எதுவும் இல்லை. பணம் இருப்பவர்கள் நேராக அங்கே போய் அங்கீகாரம் பெற்ற சோனோகிராபி பட்டப் படிப்பிலும் சேரலாம். அந்தச் செலவை ஆறு மாத கோர்ஸ் ஃபீஸோடு ஒப்பிடவே முடியாது.

இங்கே எதைப் படிக்கலாம்?

படம் எடுக்கும் துறையில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெயர் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் பர்னார்டு கதிரியக்க நிறுவனம் 1934-ல் திறக்கப்பட்டது. இன்றும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் கதிரியக்கத் துறை அதுதான். எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி படிப்பு இருக்கிறது. மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். அரசுக் கல்லூரிகளில் டிப்ளமோ படிப்புகளும் உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் பாராமெடிக்கல் கவுன்சலிங்கில் மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைக்கும். எம்பிபிஎஸ் கவுன்சலிங் பரபரப்பில் இந்த அறிவிப்பு பல வீடுகளின் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அரசுக் கல்லூரி ஃபீஸைப் பார்த்துவிட்டு தனியார் இன்ஸ்டிட்யூட் ஃபீஸைப் பார்த்தால் தலை சுற்றும்.

இதைப் படித்தவர் எக்ஸ்-ரே, சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராம், கேத் லேப் என எங்கும் போகலாம். இந்த இடங்களில் மெஷினை இயக்குபவர் டெக்னீஷியன்தான், சட்டத்திலும் நடைமுறையிலும். எக்ஸ்-ரே, சிடி விஷயத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள், தகுதி பெற்ற ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்கின்றன. சட்டையில் குத்தியிருக்கும் சின்ன டிஎல்டி பேட்ஜ், அவர் வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆக, ஸ்கேன் அறையில் டெக்னீஷியனை வெளியே நிறுத்தும் அதே நாடு, சிடி அறையில் அவரைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ரேடியோகிராபர் பணியிடங்களை அறிவிக்கும்போது விண்ணப்பிக்கலாம். மெஷின் தயாரிக்கும் கம்பெனிகளில், மருத்துவர்களுக்கு மெஷினை இயக்கக் கற்றுத்தரும் ‘அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்’ வேலைக்கும் இந்தப் படிப்பில் அனுபவம் உள்ளவர்களை எடுக்கிறார்கள்.

தனியார் சென்டர்களில் தொடக்கச் சம்பளத்தைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எம்ஆர்ஐ-யில் கை தேர்ந்த பிறகு நிலைமை மாறும். நைட் டியூட்டி உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு.

சட்டம் மாறுமா?

மாறலாம் என்பதற்கு ஒரே ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், லேப் டெக்னீஷியன் முதல் பிசியோதெரபிஸ்ட் வரை எல்லோரையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது. அதன் அட்டவணையில் கதிரியக்கப் பிரிவில் சோனோகிராபர் என்ற பெயரும் இருக்கிறது. ஒரு சட்டம் இப்படி ஒரு தொழில் இருப்பதாகப் பட்டியல் போடுகிறது. இன்னொரு சட்டத்தின் விதிகள் அந்த வேலையை மருத்துவரிடம் மட்டும் கொடுக்கின்றன. இரண்டையும் யாராவது ஒருநாள் உட்கார்ந்து சரிசெய்தாக வேண்டும்.

செய்தால் லாபம் யாருக்கு என்பதில் சந்தேகமில்லை. ரேடியாலஜிஸ்ட்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள். சின்ன ஊர் கர்ப்பிணி ஒரு ஸ்கேனுக்காகப் பாதி நாள் பஸ்ஸில் போகிறார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற எம்பிபிஎஸ் மருத்துவர் ஸ்கேன் எடுக்கும் நாளில் வரிசை வாசல் வரை நிற்கும். பயிற்சி பெற்ற சோனோகிராபர்கள் இருந்தால் அந்த வரிசை குறையும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பக்கம், கருவியைப் பிடிக்கத் தெரிந்த கைகள் அதிகமானால் வெல்ல ஆலைகளும் அதிகமாகும் என்கிறார்கள். 919 என்ற எண் இருக்கும் நாட்டில் அந்தப் பயத்தையும் தள்ளிவிட முடியாது. இப்போதைக்கு விதி மாறவில்லை. மாறும் என்று நம்பி இன்றைக்கு ஃபீஸ் கட்டுவது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி.

ஃபீஸ் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கோர்ஸ் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். 2021 சட்டப்படி டிப்ளமோ அளவில் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் படித்திருக்க வேண்டும். பட்டம் என்றால் 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகள். ஆறு மாத கோர்ஸ் இந்தக் கணக்குக்குள் வரவே வராது. எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தரும் என்று கேட்டு, பதில் வந்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று மட்டும் சொன்னால், எந்த அரசு, எந்தத் துறை, எந்த ஆணை என்று விடாமல் கேளுங்கள். ஒரு சங்கமாகவோ டிரஸ்ட்டாகவோ பதிவு செய்த எண்ணைக் காட்டி அங்கீகாரம் என்று சொல்வது பழைய டெக்னிக்.

ஆன்லைனில் படிக்கலாம், தொலைநிலைக் கல்வியில் படிக்கலாம் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். 2021 சட்டத்துக்குள் வரும் சுகாதாரப் படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி அறிவித்துவிட்டது.

கடைசியாக இன்னொரு கேள்வி. ‘பிராக்டிகல் எங்கே? அங்கே நான் கருவியைப் பிடிப்பேனா, பக்கத்தில் நின்று பார்ப்பேனா?’ பிடிப்பாய் என்று சொன்னால், அந்த சென்டரின் பதிவு எண்ணையும் அங்கே பதிவு செய்துள்ள மருத்துவரின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டும் சென்டரின் சுவரில் மாட்டியிருக்க வேண்டிய விவரங்கள்தான், ரகசியம் ஒன்றும் இல்லை. எழுதித் தரத் தயங்கினால், அட்வான்ஸாகக் கட்டச் சொல்லும் ஆயிரம் ரூபாயைக்கூட அங்கே விட்டுவிட்டு வர வேண்டாம்.